பன்னிரண்டுக்குச் சாக்லேட்

“பன்னெண்டு!” என்று எண்ணி முடித்த ஜிம் மாஸ்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது. பூட்டுக்காரரோ தோளிலிருந்த இருபது கிலோ கம்பியை ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு பையைத் துழாவி, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த ஜிம்மில் மாதத்தின் முதல் ஞாயிறு பரீட்சை நாள். எல்லா மாதமும் அதே கம்பி, அதே எடை. அதைச் சுமந்துகொண்டு எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார்கள் என்று எண்ணி, சுவரில் தொங்கும் அவரவர் அட்டையில் எழுதுவார் மாஸ்டர்.

ஆறு மாதத்தில் எல்லா அட்டையும் ஏறியிருந்தால் புதுக் கிளைக்கு மாஸ்டர்தான் பொறுப்பாளர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இன்று ஆறாவது மாதம். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்பது அட்டைகள் ஏறுமுகம். பூட்டுக்காரருடையது மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. முப்பத்தொன்றில் ஆரம்பித்த மனுஷன், மாதாமாதம் இறங்கி, இன்று பன்னிரண்டில் வந்து நிற்கிறார்.

“ஏண்ணே, தெரியாமத்தான் கேக்குறேன். தேஞ்சு போறதுக்கு ஒருத்தர் ஜிம்முக்கு வரணுமா? வீட்லயே படுத்துக்கிட்டுத் தேயலாமே!” என்றார் மாஸ்டர்.

கூட்டம் சிரித்தது. பூட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

“கோச்சுக்காதீங்க மாஸ்டர். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.” பூட்டுக்காரர் ஒரு சின்ன நோட்டை நீட்டினார்.

அதில் இரண்டு வரிசையாக எண்கள். வலப்பக்கம் பூட்டுக்காரரின் கோணல் எழுத்தில் அவர் மாதாமாதம் எடுத்தவை. இடப்பக்கம் வேறு யாரோ ஒரே மூச்சில் எழுதியவை: 30, 22, 15, 9, 4. ஆறாவது மாதத்துக்கு எண்ணே இல்லை, வெறும் கோடு.

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலே போக இலக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறார். கீழே போக இலக்கு வைத்த மகானை இன்றுதான் பார்க்கிறார்.

“முதலாளி, இந்தக் கூத்தப் பாருங்க! அண்ணன் பிளான் போட்டுச் சோம்பேறியாகுறாரு. அதுலயும் இந்த மாசம் லீவாம்!”

முதலாளி சிரிக்கவில்லை. “ஆளச் சேக்கும்போதே பாத்துச் சேத்திருக்கணும். புதுக் கிளைக்கு வேற ஆளப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மாஸ்டர் பூட்டுக்காரரின் அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து, அவர் கையிலேயே திணித்தார்.

“நாளையிலருந்து இந்தப் பக்கமே வராதீங்க! என் பொழப்பக் கெடுத்துட்டு மிட்டாய் வேற குடுக்குறீங்க. அப்படி என்னத்தச் சாதிச்சிட்டீங்க இன்னைக்கு?”

பூட்டுக்காரர் அட்டையை மடிக்காமல் பத்திரமாக நோட்டுக்குள் வைத்தார். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“இந்த மாசம் நான் வீல்சேர்லதான் இருப்பேன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருந்தாரு, மாஸ்டர்.”