கரையேறாதவள்

கடற்கரை லாட்ஜின் வரவேற்பறையில் வெள்ளைக்காரன் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்று தொங்கியது. அதில், குளிக்கப் போன சீமாட்டி களைந்து வைத்த உடைகளோடு குதிரைவண்டி ஓடிவிட்டது. அவள் கழுத்தளவுக் கடலில் நிற்கிறாள். கரையில் தொப்பிக்காரர்கள் தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தங்க வருகிறவர்களும் சிரித்தார்கள். தினமும் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைக்கும் குருவம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "சேலையோட இறங்கியிருந்தா இந்தக் கூத்து உண்டா? பாவி மக, எம்புட்டு நேரம்தான் நிப்பா?"

"நூத்தம்பது வருஷமா நிக்கிறா. பழகியிருக்கும்," என்றார் மேனேஜர் தேவசகாயம்.

மறுநாள் காலை படம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தொங்கியது.

"ஏம்மா திருப்பி மாட்டின?"

"அவ கரையேறட்டும் சார். அஞ்சே நிமிஷம். நீங்களும் அந்தப் பக்கம் திரும்புங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி திரும்பி நின்றார். ஏழு நிமிடம் ஆகியும் படத்தை நேராகத் திருப்ப அவருக்குக் கை வரவில்லை.