கம்பிச் சத்தம்

லண்டன் வீடுகளின் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி அள்ளிச் செத்த பிள்ளைகளுக்காக இருநூறு வருஷம் முன்பு உருகிய கவிஞர்களைப் பற்றி, தமயந்தி எம்.ஏ. வகுப்பில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தாள். கீழே, கல்லூரி வாசலில் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழிக்குள் அவளுடைய அப்பா தேசிங்கு இறங்கியிருந்தார். வகுப்பில் யாருக்கும் தெரியாது. "என்னப் பாத்தாலும் பாக்காத மாரி போய்டு கண்ணு," என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

குழி விளிம்பில் நிற்கும் கூட்டாளி அவ்வப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவார். குழிக்குள் இருப்பவர் கம்பியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார்.

"தேசிங்கண்ணே!"

ணங்.

அவள் அடுத்த வரியை வாசித்தாள்.

"ஏழைங்க வலிய அப்படியே கொண்டு வந்துட்டே தமயந்தி," என்றார் பேராசிரியை வசுமதி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "மொதல்ல அந்த சன்னலச் சாத்தும்மா. நாத்தம் கொடலப் புரட்டுது."

"தமயந்தி வாசனையோட பாடம் நடத்துறா, மேடம்!" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். வகுப்பே சிரித்தது.

தமயந்தி போய்ச் சன்னல் கதவைப் பிடித்தாள். சாத்தினால் எதுவும் கேட்காது. சாத்தாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

"தேசிங்கண்ணே!"

சத்தம் வரவில்லை.

"அண்ணே! தட்டுண்ணே!"

"என்னம்மா, சாத்தலையா?"

சன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தை அழுத்திக்கொண்டு, "நைனா!" என்று அவள் கத்தினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. வசுமதியின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. இப்போது நாற்பது பேரும் ஒரு தட்டுக்காகக் காது கொடுத்திருந்தார்கள்.