கையில் ஒரு உருண்டை

பந்தைத் தென்றல் பாய்ந்து பிடித்ததும் பூஜா எழுந்து நின்று கைதட்டினாள். தென்றலைப் பெற்ற கஸ்தூரி மட்டும், மகள் இந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேங்கிக்கால் ஊரில் கஸ்தூரி வீட்டுக் கூடத்தில், ரவை டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் ஆட்டம் ஓடியது. தெற்காசிய நாடுகளின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து, இறுதி ஆட்டம். கொரோனாவுக்குப் பயந்து ஆளையே உள்ளே விடாத மைதானம். பந்தை உதைக்கிற சத்தம்கூட இங்கே கேட்டது.

"முன்னாடி வாடி, கோல் லைன்லயே நிக்காத" என்று பூஜா போனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"அவளுக்கு அது கேக்குமாடி?" என்றாள் அவள் அம்மா தனம்.

"கேக்காது. ஆனா வருவா பாரு."

தென்றல் முன்னால் வந்தாள்.

உண்மையில் அந்தக் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க வேண்டியவள் பூஜாதான். தேர்வானது அவள், அவளால் போக முடியாவிட்டால் மட்டும் தென்றல் என்று சொல்லியிருந்தார்கள். கிளம்புவதற்கு முன் எடுத்த டெஸ்டில் பூஜாவுக்குப் பாசிட்டிவ் வந்தது. தென்றல் விமானம் ஏறினாள்.

"எல்லாம் இவங்கப்பாவால வந்ததுக்கா" என்று தனம் வாசல் பக்கம் மோவாயைக் காட்டினாள். "கண்டவங்களையும் சவாரி ஏத்தினு வந்து புள்ளைக்கு ஒட்ட வெச்சிட்டாரு."

வாசலில் தன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான் சரவணகுமார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவன் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

அவரில்லை தனம், நான்தான் என்று சொல்ல கஸ்தூரிக்கு வாய்வரை வந்தது, வாயைத் தாண்டவில்லை.

டெஸ்டுக்குச் சில நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் ஏற்றினபோதுதான் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது. தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். சூடு தெரிந்தது, வாசனை தெரியவில்லை. மறுநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோதும், அடுப்புக்கு முதுகைக் காட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வெளியிலிருந்து ஓடிவந்து தென்றல்தான் அணைத்தாள்.

"என்னம்மா, பக்கத்துலயே உக்காந்துனு இருக்க?"

"ஏதோ நெனப்புடி."

தென்றல் மேற்கொண்டு கேட்கவில்லை. கஸ்தூரிக்கு அப்பாடா என்றிருந்தது.

வெளியே தெரிந்தால் கொரோனா வீடென்று வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். ஏதோ ஒரு வாய்ப்பு வந்தாலும் வரலாம் என்று காத்திருக்கிற பெண், வீட்டுக்குள் முடங்கிப்போகும். அதனால் கபசுரக் குடிநீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். "மாடியில படுடி, காத்து நல்லா வரும்" என்று மகளை மட்டும் தள்ளி வைத்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள், அன்று பாயைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போனாள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும், பிராக்டீஸ் முடிந்து தென்றலோடு ஒரு மத்தியானம் பூஜா வந்து நின்றாள். "இவளுக்குச் சோறு போடும்மா, எனக்குப் பசிக்கல" என்று தென்றல் மாடி ஏறிவிட்டாள். வீடு தேடி வந்த பிள்ளையை எந்த வாயால் போ என்பது?

தட்டை வைத்துவிட்டு எட்டிப் போனவளைப் பூஜா விடவில்லை.

"அத்த, பெசஞ்சு கையில ஒரு உருண்டை குடேன்."

"நீயே சாப்பிடேன்டி, பெரிய பொண்ணு."

"உன் கையால தின்னா ருசியே வேற அத்த."

கொடுத்தாள். தட்டு காலியாகும்வரை கொடுத்தாள். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நல்லாருக்கு" என்று சிரித்துக்கொண்டே தின்றது அந்தப் பெண்.

போனில் விசில் ஊதினார்கள். கடைசி நிமிஷத்தில் வந்த பந்தைத் தென்றல் தட்டிவிட்டிருந்தாள், கோப்பை நமக்கு. பூஜா தாவி வந்து கஸ்தூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நம்ம தென்றல், அத்த!"

ஆட்டோவிலிருந்து சரவணகுமார் எட்டிப் பார்த்தான். "ஜெயிச்சிட்டாங்களா?"

"ஜெயிச்சாங்க, ஜெயிச்சாங்க. நம்ம பொண்ணு இங்க உக்காந்துனு கைதட்டுது" என்றாள் தனம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அதே போன் அடித்தது. தென்றல். கஸ்தூரி அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல் பக்கமாகப் போய் நின்றாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். பூஜாவும் இங்கதான் இருந்தா. அவதான் எல்லாரவிடவும் ஜாஸ்தி கைதட்டினா."

கஸ்தூரி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தென்றலு, ஒண்ணு சொல்றேன், திட்டாத. அவளுக்கு ஒட்ட வெச்சது அவங்கப்பா இல்லடி, நான். எனக்கு அப்பவே வாசன போயிடுச்சி. உன் காரியம் கெட்டுடுமேன்னு உங்கிட்டகூட மறைச்சிட்டேன்."

"விடும்மா."

"எப்படி விடறது? அந்த மனுஷன் வாசல்லயே கெடக்கறாரு. இப்ப உள்ள போய் அவங்ககிட்ட சொல்லிடப் போறேன்."

"சொல்லாதம்மா."

"தெரியாம வந்து தின்ன புள்ளடி அது. நீயும் தெரியாமதான் கூட்டினு வந்த. எல்லாம் தெரிஞ்சும் சோத்த ஊட்டினவ நான் ஒருத்திதான்."

போனில் தென்றலுக்குப் பின்னால் பெண்கள் கூவிக் கும்மாளம் போடுவது கேட்டது. அவள் குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

"பால் தீஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்மா, அதனாலதான் அவள சாப்பிடக் கூட்டினு வந்தேன்."