பொட்டு வைத்த பெட்டி

சாய இயந்திரங்களை ஓட்டும் சந்தா மென்பொருளை விற்க வந்தவரிடம், அது என்னென்ன செய்யும் என்றுதான் பட்டறை வீதியே கேட்டது. சாயப்பட்டறை நடத்தும் தங்கநாயகி வேறொன்று கேட்டாள்.

"ஆயுத பூசையன்னிக்கு இதுக்கும் லீவு விடோணுங்க. வருஷா வருஷம் அன்னிக்கு, எங்க பட்டறையில அது கத்துக்கிட்டதையெல்லாம் ஒரு மெமரிப் பெட்டியில போட்டு எங்க கையில குடுத்துரோணும். வேற எந்தக் கம்பெனிக்காரனும் படிக்கிற மாதிரி இருக்கோணும்."

அவர் சிரித்தார். ஆனாலும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஆறாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. எந்தத் துணிக்கு எந்தச் சாயம், எவ்வளவு சூடு என்பது வீதியிலிருந்த அத்தனை இயந்திரங்களுக்கும் மறந்துபோனது. போன ஆயுத பூசையன்று பொட்டு வைத்த பெட்டியைத் தங்கநாயகி பூசை அலமாரியிலிருந்து இறக்கினாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. மதியத்துக்குள் வேறொரு மென்பொருள் அதைப் படித்து முடிக்க, அவள் பட்டறை ஆட்கள் அறுபது பேரும் வேலையில் இறங்கினார்கள். அன்றைக்கு அந்த வீதியில் புகைந்தது அவளுடைய புகைபோக்கி மட்டும்தான்.

சாயங்காலம் பக்கத்துப் பட்டறை பொன்னுச்சாமி வந்து நின்றார். பெட்டிக்குப் பொட்டு வைப்பதை வருஷா வருஷம் கிண்டலடித்தவர்.

"புது ஒப்பந்தம் போடறேன், அம்மிணி. மொதல்ல என்ன கேக்கோணும்?"

தங்கநாயகி தலை நிமிர்ந்து, குங்குமச் சிமிழை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"லீவு கேளுங்கண்ணா."