பக்கத்து நாற்காலி

"எனக்கு வைக்கிறது நிஜக் காந்தமா, டம்மியா? இன்னிக்குத் தெரிஞ்சாகணும் சார்."

எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கவே கூடாது. முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவள் டாக்டரிடம் கேட்டேவிட்டாள்.

மனச்சோர்வுக்கான ஆய்வு. தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டுவார்கள். பாதிப் பேருக்கு நிஜம். மீதிப் பேருக்கு வெறும் சத்தம். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

காந்தம் டிக் டிக் என்னும்போது எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும்.

அவளோ பக்கத்து நாற்காலியைத்தான் கவனித்தாள்.

மிருணாளினி மேடம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஒவ்வொரு டிக்குக்கும் புருவம் துள்ளும். போன வாரம் சிரித்தார். இன்றைக்கு வாய்க்குள் ஏதோ பாட்டு.

இவள் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி கிடந்தது.

மாதக் கணக்கில் பசிக்காத வயிறு. இதற்கு மட்டும் எரிந்தது.

விசாரித்துச் சொல்லலாம் என்றார் டாக்டர். ஆனால் தெரிந்துகொண்டால் ஆய்விலிருந்து விலகிவிட வேண்டும். நிஜக் காந்தமாக இருந்தாலும் அதோடு போயிற்று.

பரவாயில்லை, கேளுங்கள் என்றாள்.

அவர் போனை எடுத்தார்.

மேடம் கண்ணைத் திறந்தார். "மெஷின் மட்டும் போதாதும்மா. வீட்டுல ரூம் கதவைச் சாத்திக்கிட்டு தினமும் உட்காரணும். நான் உட்காருறேன்."

இவளும் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அடுப்புப் பக்கம், சுவரைப் பார்த்து. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அண்ணி பாத்திரத்துக்காக அவளைத் தாண்டிப் போனாள். டிகிரி வாங்கி, வேலைக்கும் போய், கடைசியில் சுவரோடு பேசுகிறாள் என்று அண்ணன் சிரித்தான். இந்த வீட்டில் முதல் டிகிரி அது.

"எங்க வீட்டுல சாத்துறதுக்கு ஒரே கதவுதான் மேடம். தெருக்கதவு."



 மேடம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் அமைதி வந்து உட்கார்ந்தது, பழகிய இடத்தில் உட்காருவது போல.

வயிறு மறுபடி எரிந்தது. எதற்கென்று இப்போது தெரிந்தது. காந்தத்துக்கு இல்லை, அந்த ரூம் கதவுக்கு.

கேட்கவா என்றார் டாக்டர், போனைக் கையில் வைத்தபடி.

வேண்டாம் என்றாள். நாளைக்கு வருகிறேன்.

வெளியே, வீட்டுக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. முகம் தெரிந்த கண்டக்டர். ஏறும்மா என்றார்.

எதிர்ப்பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. தனி அறை உண்டு என்று பலகை.

அவள் சாலையைக் கடந்தாள்.