பொருந்த வேண்டிய எண்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் கணவனின் போனைக் கையில் எடுத்தாள். இடது கைக்காரன் போடும் பூட்டுக் கோடு, எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவளுக்கு மனப்பாடம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஈனப் புத்தி வந்ததே இல்லை. சீ, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அகப்பட்டுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வந்த மெசேஜ். "சார், ஃபைனல் 620."

"அடப்பாவி, அறுநூத்து இருபதா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பெண் விவகாரம் எல்லாம் இல்லை, பல்சக்கர விவகாரம். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. பல்சக்கரத்தின் மேல் பொடிப்பொடி இரும்புக் குண்டுகளை மழை மாதிரி பொழிந்தால் மேல்பரப்பு நன்றாக இறுகிக்கொள்ளும், லேசில் விரிசல் விடாது. எவ்வளவு இறுகும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டு முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அடி வாங்கி வந்த சக்கரத்தை நிஜமாகவே அளந்து சொல்வது அவன் வேலை; மெசேஜ் அனுப்பியது அவனுடைய லேப் உதவியாளன்.

இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும். போன தடவை பொருந்தவில்லை.

"உன் கார்ட்டூனைத் தூக்கிக் குப்பையில போடு" என்றான் அவன்.

"முதல்ல உங்க ஓட்டை மெஷினை எடைக்குப் போடுங்க" என்றாள் அவள்.

அன்றோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவைக் கதவைச் சாத்தச் சொல்லு" என்று எல்லாம் மகள் வழியாகத்தான். அந்தக் குழந்தைக்கு ஹோம்வொர்க் எழுத நேரமில்லை.

மேனேஜர் வேறு வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார். அடி விழ விழ உறுதி வரும் என்பது இரும்புக்கு மட்டுமல்ல, ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று மனதார நம்புகிறவர் அவர்.

"இது புதுச் சக்கரம். உங்க நம்பரைத் தனித்தனியா எனக்கு மெயில்ல அனுப்புங்க. இந்தத் தடவையும் பொருந்தலைன்னா ரெண்டு ரூமையும் இழுத்து மூடிட்டு வேலையை வெளியில குடுத்துடுவேன். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதினதாத் தெரிஞ்சுது, அன்னைக்கே வீட்டுக்குத்தான்."

ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு வேலை போகும். அவளுடைய மாடல் சொன்ன எண் ஐந்நூற்று நாற்பது. அவன் திமிர் பிடித்தவன்தான், ஆனால் அளப்பதில் கில்லாடி. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தவன் சொல்வதுதானே சரியாக இருக்கும்? ஒத்துக்கொள்ள வயிறு எரிந்தது. ஒத்துக்கொண்டாள்.

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் கிடந்த லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். மவுஸ் இடது பக்கம் கிடந்தது. 'ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுறதுக்குள்ள இந்தப் பொண்ணு எதையாவது நோண்டியிருக்கும்' என்று முணுமுணுத்தபடி அதை எடுத்து வலது பக்கம் வைத்துக்கொண்டாள்.

குண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உராய்வு எவ்வளவு என்று கடவுளுக்கே சரியாகத் தெரியாது. மாடல் போடுகிறவர்களின் மானம் மரியாதை எல்லாம் அந்த ஒரு ஓட்டையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் இப்படித் திருகினாள், கொஞ்சம் அப்படித் திருகினாள். கம்ப்யூட்டர் முக்கி முனகி, கடைசியில் அறுநூற்று இருபது என்றது. அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்துத் திருட்டு முழி முழித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிவிட்டு உள்ளே போனான். போனை நோண்டியதைக் கண்டுபிடித்துவிட்டானோ என்று அவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

மத்தியானம் மீட்டிங். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மெயிலைத் திறந்தார்.

"கம்ப்யூட்டர் மாடல், அறுநூத்து இருபது."

அவள் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"டெஸ்ட்... ஐந்நூத்து நாப்பது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய எண்! காலையில் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த எண்! திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். போச்சு, இரண்டு ரூமும் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொருந்தலை" என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணு. புருஷன் பொண்டாட்டி, வீட்லயே பேசி வச்சுக்கிட்டு ஒரே நம்பரைக் குடுப்பீங்கன்னுதான் நினைச்சேன். பக்கத்துலயே இருந்தும் எட்டிப் பாக்கலை பாருங்க, எனக்கு உடம்பு சிலிர்க்குது! இந்த நேர்மைக்காகவே இன்னொரு மாசம் தர்றேன்."

இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. இத்தனை நாள் கழித்து அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மவுஸைத் திரும்ப வலது பக்கம் வைக்க மறந்துட்டேன்டி."