திரைக்கு இந்தப் பக்கம்

யுகாரி முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிவிட்டு, கம்பளித் தொப்பியை நெற்றியில் இறக்கினாள். கருத்தரிப்பு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் தூண் மறைவாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பேங்க்கைக் கொள்ளையடிக்க வந்தவ மாதிரி இருக்கே," என்றான் கணவன் தெப்பெய்.

"சும்மா இரு. தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா என் மானம் போயிடும்."

அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். "வலி மாத்திரை. இப்பவே போட்டாத்தான் உள்ள போறப்ப வேலை செய்யுமாம்."

"எதுக்கு? மெல்லிசா ஒரு குழாயை விட்டு, கருப்பைக்குள்ள மருந்துத் தண்ணியை ஏத்தி, கருக்குழாய்ல வழி இருக்கான்னு ஸ்கேன்ல பாப்பாங்க. லேசா இழுக்கும், அவ்வளவுதான்."

"யாருக்கு லேசா?"

அவள் அட்டையை அவன் பைக்குள்ளேயே திருப்பித் திணித்தாள். வயது முப்பத்தொன்பது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. வலியைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

பரிசோதனை அறைக் கதவு திறந்தது. வெளுத்த முகத்தோடு ஒரு இளம்பெண் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். பாவம், பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று யுகாரி நினைத்துக்கொண்டாள்.

"பதினேழு," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. இங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. இன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

"முடிஞ்சதும் சூடா ஓடன் சாப்பிடலாம். குழம்புல ஊறின முள்ளங்கி பூரா உனக்குத்தான்," என்றான் தெப்பெய்.

உள்ளே இளம் டாக்டர் மொரிடா நன்றாகவே குனிந்து வணங்கினாள். "எல்லாருக்கும் எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செய்யுங்க," என்று சொல்லிவிட்டு யுகாரி நாற்காலியில் ஏறினாள்.

நாற்காலி தானாகத் திரும்பிப் பின்னால் சாய்ந்தது. அவள் இடுப்புக்கு நேராக வெளிர்பச்சைத் திரை இழுக்கப்பட்டது. இப்போது டாக்டருக்கு அவள் முகம் தெரியாது, அவளுக்கும் டாக்டர் முகம் தெரியாது. எத்தனையோ முறை வந்த அறைதான். ஆனால் கூரையில் இருந்த ஈரக்கறை இன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

"வலிச்சா கையைத் தூக்குங்க," என்றது திரைக்கு அப்பாலிருந்து குரல்.

குளிர்ந்த ஏதோ ஒன்று உள்ளே நுழைந்தது. பிறகு தண்ணீர் ஏறியது. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. மூச்சு நின்றுவிட்டது.

யுகாரி கையைத் தூக்கினாள். ஒன்றும் நிற்கவில்லை. இன்னும் உயரத் தூக்கி விரல்களை ஆட்டினாள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் தூக்கிய கை அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்?

"பரவாயில்லையா?" என்று கேட்டது குரல்.

வாயைத் திறந்தால் அலறல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிப்போன பதில் முந்திக்கொண்டது. "பரவாயில்ல."

ஒருவழியாக முடிந்தது. "இடது பக்கம் நல்லா திறந்திருக்கு," என்றாள் மொரிடா, தலை குனிந்தபடி. "வலது பக்கம் தண்ணி போகல. நிஜமாவே அடைப்பா இருக்கலாம். வலியில இறுகிக்கிட்டாலும் இப்படித்தான் தெரியும். மன்னிக்கணும், இன்னொரு தடவை பாத்தாத்தான் சொல்ல முடியும்."

இன்னொரு தடவை. யுகாரி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெப்பெய் பாய்ந்து வந்தான். அவளைத் தாங்கி உட்காரவைத்துவிட்டு, காரை வாசலுக்குக் கொண்டுவர ஓடினான். பக்கத்து இருக்கையில் அந்த வெளுத்த முகப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். தன் வயிற்றில் வைத்திருந்த சூட்டுப் பையை எடுத்து நீட்டினாள்.

"இதை வெச்சுக்குங்க, கொஞ்சம் விடும். நடந்து வந்தீங்களே, அதுவே பெரிசு. எனக்குக் காலே தரையில பாவல."

"உங்களுக்கும் இவ்வளவு வலிச்சுதா?" யுகாரியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உயிரே போயிடுச்சுங்க. கையைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். யாருக்கு டாட்டா காட்டுறோமோன்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு." அவள் லேசாகச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரமே பெரிய டாக்டரம்மாகிட்ட கேட்டேன், முன்னாடியே வலி மாத்திரை போட்டுக்கட்டுமான்னு. 'எதுக்கு? லேசா இழுக்கும், அவ்வளவுதான்'னுட்டாங்க."

யுகாரி சூட்டுப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவங்கதான். இருந்தாலும் ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில அவங்க படுத்துப் பாத்திருக்கணும்."

யுகாரி தொப்பியை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக முகக்கவசத்தையும் கழற்றினாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க," என்றாள். "ரொம்ப வலிச்சுதா?"

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வளைய ஆழக் குனிந்தாள்.

"பரவாயில்ல, டாக்டர். லேசாத்தான் இழுத்துச்சு."